மகதலாவின் கூந்தலில் இருந்த பொன்

மியூனிக் நகரில் உள்ள பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில், இயேசுவைப் பின்பற்றிய மகதலா மரியாவின் மரச் சுரூபம் ஒன்று இருக்கிறது. ஆறு வானதூதர்கள் அவளைச் சூழ்ந்து நின்று மேல்நோக்கி ஏந்திச் செல்கிறார்கள். பாலைவனத்தில் தவமிருந்த ஆண்டுகளில் அவளுடைய ஆடைகள் நைந்து மறைந்து, உடல் முழுவதையும் உரோமம் மூடிக்கொண்டது என்றொரு பழங்கதை ஐரோப்பாவில் வழங்கி வந்தது. அந்தக் கதையைச் சிற்பி சொல்லுக்குச் சொல் மரத்தில் செதுக்கியிருக்கிறார். முகமும் கைகளும் மார்பும் முழங்கால்களும் மட்டுமே வழுவழுப்பாக விடப்பட்டிருக்க, மற்ற இடமெங்கும் சின்னஞ்சிறு சுருள்களாக உரோமம் அடர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுருளுக்கும் உளி தனித்தனியே இறங்கி ஏறியிருப்பது அருகில் நின்று பார்த்தால் தெரியும். செதுக்கியவர் வூர்ட்ஸ்பர்க் நகரின் தில்மன் ரீமன்ஷ்னைடர்.

நான் முதன்முறை அதன் முன் நின்றபோது அதன் பழுப்பு நிறத்தில்தான் மனம் தோய்ந்தது. தேன் வடிந்து உறைந்ததுபோன்ற அந்த மரத்தின் நிறம், கன்னத்தின் மேல் ஓடும் இழைகள், நிழல் தங்கும் குழிகள் ஆகியவற்றைப் பார்த்து, மரம் தன்னை மறைத்துக்கொள்ளாமல் இருப்பதே இந்தச் சிற்பத்தின் அழகு என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன். அந்த முடிவைப் பல ஆண்டுகள் சுமந்தும் திரிந்தேன். பிறகு இந்தச் சுரூபத்தின் வரலாற்றைப் படித்தபோது, நான் பார்த்தது 1492இல் ரீமன்ஷ்னைடர் கொடுத்துவிட்டுப் போன சிற்பமும் அல்ல, அதற்குப் பின் பல தலைமுறைகள் அதன்முன் மண்டியிட்ட மக்கள் கண்ட சிற்பமும் அல்ல, இரண்டும் போன பிறகு மிஞ்சிய மூன்றாவது ஒன்று என்று புரிந்தது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தப் புரிதல்தான்.

முன்னர்ஷ்டட் என்பது ஃபிராங்கோனியப் பகுதியில் உள்ள ஒரு சிறிய ஊர். அதன் பங்குக் கோயில் மகதலா மரியாவின் பெயரால் அமைந்தது. 1490இல் அந்த ஊரார் கோயிலின் தலைமைப் பீடத்துக்குப் பின்னே நிறுத்துவதற்காக, சுரூபங்கள் நிறைந்த மரப் பேழை ஒன்றைச் செய்து தரும்படி ரீமன்ஷ்னைடரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். இத்தகைய பேழையையும் பீடம் என்றே சொல்வது வழக்கம். கூலி 145 கில்டர் நாணயங்கள். இரண்டு ஆண்டுகளில் வேலை முடிந்தது. நடுவில் மகதலா, இருபுறமும் புனிதர்கள், கீழே நான்கு நற்செய்தியாளர்கள், திறந்து மூடும் கதவுகளில் அவளுடைய வாழ்க்கைக் காட்சிகள் என்று அனைத்தும் அமைந்தன. ஆனால் அந்தக் காலத்து வழக்கத்துக்கு மாறாக அவற்றின் மேல் வண்ணம் ஏறவில்லை; பொன் ஏறவில்லை. பழுப்புச் சாயம் கலந்த மெல்லிய மெருகுப் பூச்சு ஒன்றை மட்டும் பூசி, கண்மணிகளுக்குக் கருமையும் உதடுகளுக்குச் செம்மையும் தொட்டுவைத்து, அத்துடன் நிறுத்தப்பட்டது. இன்று பெர்லினில் உள்ள அந்த நற்செய்தியாளர் சுரூபங்களை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுணுகி ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஊரார் அந்தப் பழுப்போடு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பிறகு அதற்கு வண்ணம் தீட்ட ஆள் தேடினார்கள். அப்போது அங்கே வந்து சேர்ந்தவர் அந்தத் தலைமுறையின் இன்னொரு மாபெரும் சிற்பியான வைட் ஷ்டோஸ். அவர் வந்த கதை துயரமானது. போலந்தின் கிராகவ் நகரிலுள்ள தூய மரியா கோயிலுக்கு 1477 முதல் 1489 வரை உழைத்து, ஏறத்தாழ 13 மீட்டர் உயரமுள்ள பீடத்தைச் செய்து முடித்துப் பெரும்பொருளோடு நியூரம்பர்க் திரும்பியவர் அவர். அங்கே ஒரு வணிகரை நம்பிப் பணத்தைக் கொடுத்து இழந்தார். இழந்ததை மீட்கும் வெறியில் கடன் பத்திரம் ஒன்றைப் பொய்யாகத் தயாரித்தார். குற்றம் வெளிப்பட்டது. 1503இன் இறுதியில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அவருடைய இரண்டு கன்னங்களிலும் ஊடுருவ விட்டுத் தண்டித்தார்கள். நகரை விட்டு வெளியேறக் கூடாது என்ற ஆணையையும் மீறி அவர் ஓடிச்சென்ற இடம் மருமகன் வாழ்ந்த முன்னர்ஷ்டட். அந்த வடு ஆறியும் ஆறாத நிலையில், இன்னொருவர் செதுக்கிய மகதலாவுக்கு அவர் வண்ணம் தீட்டினார். கதவுகளின் வெளிப்புறத்தில் புனித கிலியனின் கதையை நான்கு ஓவியங்களாகவும் வரைந்தார். அதற்கு அவர் பெற்றது 220 கில்டர்.

இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு அந்தக் காலம் விளங்கத் தொடங்கியது. ஷ்டோஸின் தொகையில் நான்கு ஓவியங்களும் பொன்னின் விலையும் அடங்கும் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் செதுக்கியவருக்குக் கொடுத்ததைவிட ஒன்றரை மடங்கு தொகையை வண்ணத்துக்காக ஒரு சிறிய ஊர் செலவிடுகிறது என்றால், வண்ணம் அவர்களுக்கு மேற்பூச்சாக இருந்திருக்க முடியாது. அவர்களுடைய ரசனை மட்டமானது என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்ணம் வந்து சேரும்வரை சுரூபம் பாதியில் நிற்கிறது என்பதே அந்த நூற்றாண்டின் பொதுவான எண்ணம். ஊரார் அந்த மறுபாதிக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மரம். தென் ஜெர்மனியில் லிண்டன் மரம். வட ஜெர்மனியிலும் ஃபிளாண்டர்ஸிலும் ஓக், சில இடங்களில் வால்நட். இத்தாலியில் பெரும்பாலும் பாப்லர். லிண்டன் மென்மையானது, இழை நெருக்கமானது, எந்தத் திசையில் உளி வைத்தாலும் அதிகம் முரண்டு பிடிக்காதது. ஆனால் எந்த மரமும் காயும்போது ஒரே சீராகச் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும். ஆகவே முழு அடிமரத்தை அப்படியே வைத்துச் செதுக்கினால், அது காயக் காய நடுத்தண்டை நோக்கி வெடிக்கும்; மாதாவின் முகத்தில் குறுக்கே ஒரு பிளவு ஓடிவிடும். இதைத் தவிர்க்க, சிற்பிகள் மரத்தின் முதுகுப் பக்கத்தைக் குடைந்து நடுத்தண்டை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பேழைக்குள் நிற்கும் சுரூபத்தின் முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. அருங்காட்சியகத்தில் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தப்பட்ட சுரூபம் ஏதேனும் கிடைத்தால், நான் இப்போதெல்லாம் முதலில் அதன் பின்புறம் போய்த்தான் நிற்கிறேன். முன்னால் பட்டாடையும் மகுடமுமாக நிற்கும் அரசி, பின்னால் தோணிபோலக் குடைந்த வெறும் ஓடாக இருப்பாள். அகன்ற உளியின் தடங்கள் அவசர அவசரமாக மேலிருந்து கீழாக ஓடியிருக்கும். உச்சந்தலையில் ஒரு துளையும் அதை அடைத்த மரக்குச்சியும் இருக்கும். கட்டையைக் கிடைமட்டமாகப் பட்டறையில் பொருத்தி, தேவைப்படும்போது உருட்டித் திருப்பிச் செதுக்குவதற்காக இரும்பு முளை அடித்த இடம் அது. அதாவது, அந்தச் சிற்பி அவளை எழுந்து நிற்பவளாகப் பார்த்துச் செதுக்கவில்லை. கொட்டாப்புளியும் கையுமாக, படுத்திருக்கும் உடலின் மேல் குனிந்து செதுக்கியிருக்கிறார்.

செதுக்கி முடிந்த உருவம் வண்ணக்காரரின் பட்டறைக்குப் போகும். பல நகரங்களில் இருவரும் வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் தொடக் கூடாது. வண்ணக்காரர் முதலில் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையைச் சூடாக மரத்தில் ஊறவிடுவார். மூட்டுகளின் மேலும் வெடிப்புகளின் மேலும் லினன் துணிக் கீற்றுகளை ஒட்டுவார். அதன்மேல் பசையில் குழைத்த வெள்ளை மாவைப் பல கை பூசுவார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அந்த மாவு சுண்ணக்கட்டி, தெற்கே ஜிப்சம். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகே அடுத்தது. இப்படி அடுக்கடுக்காகப் பூசும்போது, சிற்பி உயிரைக் கொடுத்துச் செதுக்கிய இமையின் விளிம்பும் நகத்தின் கோடும் மூழ்கிவிடும் என்று தோன்றும். உண்மையில் நல்ல வண்ணக்காரர் அந்த வெண்மாவிலேயே மீண்டும் சிறு கருவிகளால் கீறி, தேய்த்து, கூந்தல் இழைகளையும் இமை மடிப்புகளையும் கூர்மையாக்கினார். செதுக்கும் வேலை மரத்தோடு முடிந்துவிடவில்லை, வெண்மாவிலும் தொடர்ந்தது. அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் போவது நிறம் மட்டும் அல்ல, சிற்பத்தின் கடைசி ஒரு மில்லிமீட்டரும் அதோடு சேர்ந்து போகிறது.

பிறகு பொன். வெண்மாவின் மேல் செங்காவி நிறமுள்ள நெய்ப்பான களிமண்ணை மெல்லப் பூசி, அதை ஈரமாக்கி, ஊதினால் பறக்கும் தங்க ரேக்கை அதன்மேல் இடுவார்கள். ஈரம் ரேக்கை இழுத்துக்கொள்ளும். பாதி காய்ந்த பதத்தில் நாய்ப் பல்லாலோ அகேட் கல்லாலோ தேய்த்தால், அது தகடாக வார்த்த பொன்னைப்போலப் பளபளக்கும். கி.பி. 1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூலில், ஒரு டுகாட் நாணயத்தைத் தட்டி 145 ரேக்குகள் எடுக்கிறார்கள் என்றும், நல்ல வேலைக்கு 100க்கு மேல் எடுக்கலாகாது என்றும் குறிப்பு இருக்கிறது. பணம் போதாதபோது பொன்னையும் வெள்ளியையும் சேர்த்துத் தட்டிய கலப்பு ரேக்கைப் பயன்படுத்துவதும், வெள்ளி ரேக்கின்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசிப் பொன்னாகக் காட்டுவதும் உண்டு. நூற்றாண்டுகளில் தேய்ந்த இடங்களில் பொன்னுக்கு அடியிலிருந்து அந்தச் செம்மை எட்டிப் பார்க்கிறது. பழைய பொன்னுக்கு இருக்கும் இளஞ்சூடான நிறத்தில் பாதி அந்தக் களிமண்ணுடையது.

பொன்னுக்கு அருகே நீலம். மாதாவின் மேலாடைக்கு வெளிப்புறம் பொன், உட்புறம் நீலம் என்பது அந்தக் காலத்தின் விருப்பமான இணை. நீலத்துக்குப் பெரும்பாலும் அசுரைட் என்ற செம்புத் தாதுவை இடித்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: மைபோல அரைத்தால் அது வெளிறிப்போகும், கொரகொரப்பாக விட்டால்தான் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். அப்படிக் கொரகொரப்பாக, பசையில் கலந்து பூசிய நீலத்துக்குப் பளபளப்பே இருக்காது. வெல்வெட்போல ஒளியை விழுங்கிக்கொள்ளும். ஒளியைத் திருப்பி அடிக்கும் பொன்னும் ஒளியை விழுங்கும் நீலமும் ஒரே மடிப்பின் இரு பக்கங்களில் சந்திக்கும்போது, அந்த மடிப்பின் ஆழம் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியும். மெழுகுவத்திகள் மட்டுமே எரியும் கோயிலில், சுடர் அசைய அசைய அந்த ஆடை அசைந்திருக்க வேண்டும். இந்த மங்கலையும் மினுக்கையும் ஆள்வதே வண்ணக்காரரின் கலை; எந்த நிறம் என்பதைக் காட்டிலும் எந்த மேற்பரப்பு என்பதே அவருடைய பெரிய கேள்வியாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். செந்நிறத்துக்கு வெள்ளி ரேக்கின்மேல் அரக்குச் சிவப்பைக் கண்ணாடிபோலப் பூசி, அடியிலிருந்து ஒளி வரச் செய்தார்கள். பூவேலைப் பட்டுக்கு, வரி வரியாகச் செதுக்கிய அச்சில் ஈயம்போன்ற மெல்லிய வெள்ளீயத் தகட்டை அழுத்தி, அதன் குழிகளை மெழுகும் பிசினும் கலந்த கூழால் நிரப்பி, எடுத்துச் சுரூபத்தின் ஆடைமேல் ஒட்டிப் பொன்னிட்டார்கள். அந்த அச்சின் கோடுகள் ஒரு சென்டிமீட்டருக்குள் பல ஓடும். நெய்த நூலின் புடைப்பு அது. விரலால் தடவிப் பார்க்க அனுமதி இருந்தால், துணி என்றே விரல் சொல்லும்.

கடைசியில் தோல். ஈய வெள்ளையில் சாதிலிங்கம் என்ற செந்நிறப் பொடியைச் சிறிதளவு சேர்த்து எண்ணெயில் குழைத்த நிறம் அது. கன்னத்தில் சற்றுக் கூடுதலாகச் செம்மை, ஆண்களின் தாடையில் மழித்த மயிரின் நீலச்சாம்பல், கண்ணோரத்தில் இளஞ்சிவப்பு, இறந்த கிறிஸ்துவின் உடலில் பச்சை ஓடிய வெளிறல். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவின் சுரூபங்கள் சிலவற்றில், வெண்மாவுக்கு அடியில் மெல்லிய கயிற்றை வளைத்து ஒட்டி, கைகளிலும் கால்களிலும் நரம்பு புடைத்திருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். உதிரத் துளிகளைத் தடித்த சிவப்பில் திரண்டு நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். மரம் அந்த இடத்தில் முற்றிலும் மறைந்துபோகிறது. அதுதான் நோக்கம்.

இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்களில் பல காணாமல் போய்விட்டன என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பெயர் தெரிந்தவர்களோ சாதாரணர்கள் அல்லர். 1390களில் பர்கண்டிக் கோமகனுக்காக டெண்டர்மொண்டில் ஜாக் த பார்ஸ என்பவர் செதுக்கிய பேழைகள், ஈப்ர் நகரிலிருந்த மெல்கியோர் புரூடர்லாமிடம் வண்ணத்துக்கும் பொன்னுக்கும் அனுப்பப்பட்டு, 1399இல் டிஜோன் போய்ச் சேர்ந்தன. புரூடர்லாம் கோமகனின் அரசவை ஓவியர். மைக்கேல் பாகரைப் போன்ற சிலர் உளியையும் தூரிகையையும் ஒருசேர ஆண்டார்கள். 1471இல் ஒப்பந்தமாகி 1481இல் முடிந்த அவருடைய சாங்க்ட் வோல்ஃப்காங் பீடம், ஆஸ்திரியாவில் அந்த ஊர்க் கோயிலிலேயே இன்றும் நிற்கிறது. வண்ணமும் பொன்னும் பெரிதும் தப்பிப் பிழைத்த மிகச் சில பெரும்பீடங்களில் அது ஒன்று என்பதால், எதை இழந்தோம் என்று அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பிரபாண்ட் நகரங்களில் தரம் காக்கவே முத்திரைகள் இருந்தன. பிரஸ்ஸல்ஸில் நல்ல மரம் என்பதற்குக் கொட்டாப்புளி முத்திரை, வண்ணமும் பொன்னும் ஒழுங்கு என்பதற்கு நகரின் பெயர் முத்திரை. ஆண்ட்வெர்ப்பில் மரத்தில் கை வடிவ முத்திரை ஒன்றைச் சூடு போட்டார்கள். வண்ணம் தீட்டி முடித்ததற்குக் கோட்டையும் இரு கைகளும். ஒரே பொருளுக்கு இரண்டு தனித்தனிச் சோதனைகள் என்றால், அதில் இரண்டு தனித்தனிக் கலைகள் இருந்தன என்றே பொருள்.

இந்தச் சுரூபங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடவும் இல்லை. குருத்து ஞாயிறன்று, சக்கரம் பூட்டிய பலகையின்மேல் கழுதையில் அமர்ந்த கிறிஸ்துவை ஊர் நடுவே இழுத்துச் சென்றார்கள். மரக் கழுதைகள் பல அருங்காட்சியகங்களில் இன்றும் சக்கரத்தோடு இருக்கின்றன. தோள்மூட்டு மடங்கும்படி செய்த கிறிஸ்துவைப் பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கி, கைகளை உடலோடு மடக்கி, கல்லறையில் கிடத்தினார்கள். விண்ணேற்ற நாளில் கூரையின் துளை வழியாகக் கயிறு கட்டி ஏற்றினார்கள். மூட்டுகளில் தோலை ஒட்டி அதன்மேல் வண்ணம் தீட்டியதால், மடங்கும் இடம் கண்ணில் படவில்லை. வெறும் மரநிறத்தில் இருந்த உருவம் ஒன்றைக் கல்லறையில் கிடத்தி மக்கள் அழுதிருப்பார்களா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த அழுகையைத்தான், சுரூப வழிபாட்டை எதிர்த்த புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள் அஞ்சினார்கள். 1524இல் சூரிச்சிலும் 1529இல் பாசலிலும் 1566இல் நெதர்லாந்து முழுவதிலும் சுரூபங்கள் இறக்கப்பட்டன, உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. நியூரம்பர்க் சற்று நிதானமாக நடந்துகொண்டது. அங்கே தூய லாரன்ஸ் கோயிலின் நடுவே, 1517-18இல் ஷ்டோஸ் செதுக்கிய மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மாதாவுக்கு அறிவிக்கும் காட்சி, வானதூதரும் மாதாவும் பெரிய ரோஜா மாலை வட்டத்துக்குள் நிற்க, அந்தரத்தில் தொங்குகிறது. நகரம் சீர்திருத்தத்துக்கு மாறிய பிறகு, அதை உடைக்காமல் துணியால் மூடிவைத்தார்கள். மறைப்புக்குள் தூங்கித் தப்பிய அந்தச் சிற்பம், 1817இல் தொங்கவிட்ட கட்டு அறுந்து தரையில் விழுந்து நொறுங்கியது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து மீண்டும் ஏற்றினார்கள்.

ஆனால் வண்ணத்துக்கு வந்த பேரிழப்புக்குப் பகைவர்கள் காரணம் அல்லர், அன்பர்களே காரணம். 19ஆம் நூற்றாண்டில் பழைய ஜெர்மானியச் சிற்பங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள், பல தலைமுறைகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட அழுக்கேறிய வண்ணங்களைக் கண்டு மனம் நொந்தார்கள். அவற்றை நீக்கினால் உண்மையான சிற்பி வெளிப்படுவார் என்று நம்பினார்கள். வெள்ளைச் சலவைக்கல்லே சிற்பத்தின் இலக்கணம் என்று பயின்ற கண்களுக்கு, வண்ணம் தீட்டிய முகம் பொம்மையாகத் தெரிந்தது. கார நீரில் ஊறவைத்தார்கள், கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள், சுரண்டினார்கள். பின்னாள் பூச்சுகளோடு முதல் பூச்சும் போயிற்று. எத்தனையோ சுரூபங்கள் அப்படி வெறும் மரமாகி, அதன்மேல் புதிதாகப் பழுப்புச் சாயமும் மெழுகும் பெற்று, பழமையின் நிறமாகக் கண்ணாடிக்குள் வந்து நின்றன. முன்னர்ஷ்டட் பீடமும் பிரிக்கப்பட்டுச் சிதறியது. நற்செய்தியாளர்கள் பெர்லினுக்கும் மகதலா மியூனிக்குக்கும் போனார்கள். ஷ்டோஸ் தீட்டிய வண்ணம் அவள்மேல் இல்லை.

இன்று பராமரிப்பாளர்கள் ஒரு கடுகைவிடச் சிறிய துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அப்படி எடுத்த வெட்டுமுகப் படம் ஒன்றை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடியில் மரத்தின் உயிரணுக்கள் தேன்கூடுபோல. அதன்மேல் தடித்த வெண்மை. மயிரிழைபோலச் செங்காவி, அதற்கும் மேலே, படத்தில் அகலமே இல்லாததுபோன்ற ஒரு பொற்கோடு. பிறகு ஒரு கரிய கோடு. அது நிறம் அன்று, மெழுகுவத்திப் புகையும் தூசியும் படிந்த அழுக்கு. அதன்மேல் மீண்டும் வெண்மை, மீண்டும் நீலம், மீண்டும் ஒரு கரிய கோடு. அந்தக் கரிய கோடுகள் ஒவ்வொன்றிலும் சில தலைமுறைகளின் வழிபாடு படிந்திருக்கிறது. எந்தப் பூச்சோடு நிறுத்துவது, எதை உண்மை என்று கொள்வது என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. முதல் பூச்சே உண்மை என்றால், முன்னர்ஷ்டட் மகதலாவுக்கு உண்மை ரீமன்ஷ்னைடரின் பழுப்பு மெருகா, ஷ்டோஸின் வண்ணமா?

ரீமன்ஷ்னைடர் பக்கத்தின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் செலவைக் கருதி மட்டும் வண்ணத்தை விட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ரோதன்பர்க்கில் 1505இல் முடிந்த திரு இரத்தப் பீடத்தில், கடைசி இரவுணவுக் காட்சிக்குப் பின்னால் பேழையின் முதுகிலேயே சிறு ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒளி புகுந்து, யூதாசின் தோளையும் மற்றவர்களின் தாடிகளையும் விளிம்பு கட்டுகிறது. பொன்னும் நீலமும் செய்த வேலையை அங்கே ஒளி செய்கிறது. ஆடைகளின் ஓரங்களில் சிறு முத்திரை உளிகளால் புள்ளிகளையும் கீறல்களையும் இட்டு, ஒரே மரத்தில் பட்டையும் கம்பளியையும் வேறுபடுத்தியிருக்கிறார். இப்படிச் செய்தவர் வண்ணக்காரருக்காகக் காத்திருக்கவில்லை. இன்னும் வியப்பு, மகதலாவுக்கு வண்ணம் தீட்டிய அதே ஷ்டோஸ், முதுமையில் 1520-23இல் நியூரம்பர்க் கார்மேல் துறவற சபைக்குச் செய்த, இன்று பாம்பர்க் பேராலயத்தில் இருக்கும் பீடத்தை வெறும் மரமாகவே விட்டார். அந்தச் சபையின் தலைவராக இருந்தவர் அவருடைய மகன் அந்திரேயாஸ். பின்னால் வரும் எவரும் அதற்கு எளிதில் வண்ணம் பூசிவிட வேண்டாம் என்றும், ஏன் என்று கைதேர்ந்தவர்கள் சொல்வார்கள் என்றும் அவர் எழுதிவைத்தார். ஆக, வெறும் மரமும் ஒரு தேர்வுதான். ஆனால் அதைச் சிற்பியே தேர்ந்திருக்க வேண்டும். முந்நூறு, நானூறு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் காரத் தொட்டியை வைத்துத் தேர்ந்ததை அதோடு சேர்க்க முடியாது.

இன்னொரு மகதலாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஃபிளாரன்ஸில், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொனாத்தெல்லோ பாப்லர் மரத்தில் செய்த மகதலா அது. 188 சென்டிமீட்டர் உயரம். பல் உதிர்ந்த வாய், குழி விழுந்த கன்னங்கள், தொழுவதற்காக எழுந்தும் இன்னும் ஒன்றையொன்று தொடாத கைகள், உடலை ஆடையாக மூடித் தொங்கும் கூந்தல். நெடுங்காலம் அவள் மேலிருந்து கீழ்வரை மந்தமான பழுப்பாகவே இருந்தாள். தவத்தின் நிறம் அதுதான் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். நானும் அதே நிறத்தை மியூனிக்கில் மெச்சியவன்தான். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரையை உடைத்துக்கொண்டு, அவள் நின்ற திருமுழுக்குக் கூடத்துக்குள் புகுந்தது. சேறும் எரிபொருள் எண்ணெயும் கலந்த வெள்ளம் அவளைச் சூழ்ந்தது. பிறகு அவளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துடைக்கத் தொடங்கியவர்கள், சேற்றோடு அந்தப் பழுப்புப் பூச்சையும் மெல்ல மெல்ல எடுத்தபோது, அடியிலிருந்து வெயில் காய்ந்த தோலின் நிறம் வந்தது; கண்களுக்கு நிறம் வந்தது. தோளிலிருந்து முழங்கால்வரை சடைபிடித்துத் தொங்கும் அந்தக் கூந்தலில், இழை இழையாக, பொன் இருந்தது.